சைலன்சர் வாய் வரை

கண்ணாடியில் ஒரு முகம் அளவுக்கு வட்டமாகத் துடைத்துவிட்டு, துணியைத் திருப்பிப் பார்த்து, "இன்னிக்கும் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று அதற்கு ஒரு நற்சான்றும் கொடுத்த பிறகுதான் மைக் அக்கா நாற்காலியில் உட்காருவார். அறிவிப்புக் கூண்டின் கண்ணாடியை முழுவதுமாகத் துடைப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். முழுவதும் துடைத்தால் முழுவதும் அழுக்காகிறது, வட்டம் மட்டும் துடைத்தால் வட்டம் மட்டுமே அழுக்காகிறது என்பது அவருடைய சிக்கனத் தத்துவம். அந்த வட்டத்துக்குள் ஆறு நடைமேடைகளும், அவற்றில் நிற்கும் பேருந்துகளும், ஓடிவந்து ஏறுகிறவர்களும், ஏறிய பிறகு தவறான வண்டி என்று இறங்கி ஓடுகிறவர்களும் அடங்கிவிடுவார்கள். மதியத்துக்குள் வட்டம் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

காலையில் படிவது கறுப்பு. ஊதினால் கொஞ்சமாவது பறக்கும். மதியம் படிவது பழுப்பு. விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், சோப்புப் போட்டாலும் முறைத்துப் பார்க்கும். "காலையில வர்றது விருந்தாளி. மத்தியானம் வர்றது வீட்டோட மாப்பிள்ளை" என்று அவர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார். இந்த மாப்பிள்ளை எங்கே பிறந்தவர், எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்பது மட்டும் வெகுநாள்வரை அவருக்குப் புரியவில்லை. ஏனென்றால் மதிய வேளையில் நிலையத்தில் வண்டிகள் குறைவு. புகையும் கண்ணுக்குத் தெரியாது. கண்தான் எரியும்.

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் கூண்டு, டைம் ஆபீசின் மாடியில், இரும்புப் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. வண்டிகள் பின்பக்கமாக வந்து நடைமேடையில் நிற்பது இந்த நிலையத்தின் முறை. புறப்படும்போது நேரே சாலைக்கு ஏறிவிடலாம் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. யோசித்தவர் கூண்டில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதனால் எல்லா வண்டிகளும் முகத்தை ஊருக்கும் மற்றதை மைக் அக்காவுக்கும் காட்டிக்கொண்டு நிற்கும்.

அவரிடம் இரண்டு தமிழ்கள் உண்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வருவது ஒன்று. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பழைய சந்தை, மருத்துவமனை வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து, ஐந்தாம் நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." தேனில் ஊறிய குரல் என்று ஊர் சொல்லும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வண்டியைத் தவறவிட்ட ஆசாமிகள் இருந்ததாக ஒரு வரலாறும் உண்டு. அதை எழுதியவரும் மைக் அக்காதான். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வருவது இன்னொன்று. "ஏய் மூணாம் நம்பரு, என்னத்துக்குப்பா உறுமிக்கிட்டே நிக்கிற, அணைச்சுத் தொலையேன்." பொத்தான் பழையது, அழுத்தினால் சில நேரம் மேலே வராது. அப்போது இரண்டாம் தமிழும் ஒலிபெருக்கியில் நிலையம் முழுக்கப் போய்ச் சேரும். பொத்தானைச் சரிசெய்ய வந்த எலெக்ட்ரீஷியனை "அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி" என்று அவர் திருப்பி அனுப்பியதை வைத்துப் பார்த்தால், கோளாறு பொத்தானில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

வண்டிகள் ஏன் உறுமிக்கொண்டே நிற்கின்றன என்பதற்கு ஒரு மகத்தான நிர்வாகக் காரணம் இருக்கிறது. பேட்டரிகள் செத்துவிட்டன. காலையில் ஷெட்டில் நாலு பேர் தள்ளி, ஒரு வண்டியின் உயிரை இன்னொரு வண்டிக்கு ஒயர் போட்டு ஊட்டி, எப்படியோ எழுப்பிவிடுகிறார்கள். எழுப்பிய பிறகு ராத்திரி ஷெட்டுக்குத் திரும்பும்வரை யாரும் சாவியைத் தொடுவதில்லை. சாப்பிடப் போனாலும், டீ குடிக்கப் போனாலும், வண்டி உறுமிக்கொண்டே காவல் காக்கும். "அணைச்சா செல்ஃப் எடுக்காதுக்கா" என்பது ஓட்டுநர்களின் தேசிய கீதம். புது பேட்டரி கேட்டு ஷெட் மெக்கானிக் மேலே எழுதினார். மேலிடம் அதைத் திருப்பி அனுப்பியது. வண்டிகள்தான் நாள் முழுவதும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றனவே, பேட்டரி எதற்கு? இந்தக் கேள்விக்கு மனித அறிவால் பதில் சொல்ல முடியாது. மெக்கானிக்கும் சொல்லவில்லை.

எல்லா ஓட்டுநர்களுக்கும் அவர் அக்கா. ஆகவே ஐந்தாம் நடைமேடையில் துறைமுக வண்டி ஓட்டும் அவருடைய கணவர், எல்லோருக்கும் மாமா. தன்னைவிட வயதில் மூத்த ஓட்டுநர்கூட "என்ன மாமா" என்று தோளைத் தட்டும்போது, அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச வாய்ப்பில்லை, வண்டியில் பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது.

மாமா ஒரே ஒரு தடவை, மனைவி மேல் உள்ள பிரியத்தில், நடைமேடையில் வண்டியை அணைத்தார். வண்டி பிரியத்துக்குக் கட்டுப்பட்டு அணைந்தது, மறுபடி எழுந்திருக்கவில்லை. அலுவலகம் போகிறவர்கள் இறங்கி, பைகளைப் பல்லில் கவ்விக்கொண்டு தள்ளினார்கள். அன்று ஊரில் பல அலுவலகங்களில் கறுத்த உள்ளங்கைகளோடு பலர் காணப்பட்டார்கள். மாமாவுக்கு மெமோ வந்தது. இன்னொரு முறை இப்படிச் சேவை தடைபட்டால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்து, ஷெட்டில் டயர் கழுவ வைப்போம் என்று மிகக் கனிவாக எழுதியிருந்தார் நிலைய மேலாளர்.

"நான் அணைக்கச் சொன்னது தப்பாங்க?" என்று அன்று மாலை வீட்டில் மைக் அக்கா கேட்டார்.

"தப்பில்லம்மா. ஆனா இனிமே சொல்லாத. சொன்னா அணைச்சிடுவேன்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஐந்தாம் நடைமேடையை மட்டும் அக்கா திட்டுவதில்லை. மற்ற ஓட்டுநர்கள் இதை ஓரவஞ்சனை என்று சொல்லிப் பொருமினார்கள்.

இதற்கிடையில் தொண்டை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. முதலில் காலையில் ஒரு கரகரப்பு. வெந்நீர் குடித்தால் போய்விடும். பிறகு மதியத்தில் ஒரு வறட்சி, வெந்நீருக்கும் அசையாது. "துறைமுகம்" என்று இழுத்துச் சொல்லும் இடத்தில் குரல் நடுவில் கிழிந்து, பாதி துறைமுகம் ஒலிபெருக்கியிலும் பாதி தொண்டையிலும் நின்றது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புகை பிடிப்பீங்களா?" என்றார்.

"நான் பிடிக்கல டாக்டர். அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு."

மருத்துவர் விளக்கை அணைத்தார். அந்தக் கூண்டிலேயே இன்னும் உட்கார்ந்திருந்தால் குரல் திரும்பாது என்றார். அக்கா வெளியே வந்து, நடைபாதையில் நின்று, துறைமுகம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு முன்னால் நின்று பாடியதிலிருந்து, அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் குரல்தான். நிலையத்தில் வேலை கேட்டுப் போனபோது படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "ஏதாவது பேசும்மா" என்றார்கள். பேசினார். வேலை கிடைத்தது.

அவர் மேலாளரிடம் போனார். மேலாளர் நல்லவர், யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். உட்கார வைத்து இல்லை என்பார். அறையின் ஜன்னல்கள் எப்போதும் மூடியிருக்கும், உள்ளே ஏசி சன்னமாக முனகும். புகை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து ஜன்னலருகே அழைத்துப்போய், ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் வட்டமான பச்சை ஸ்டிக்கரைக் காட்டினார். "எல்லா வண்டியும் புகை டெஸ்ட் பாஸ். சைலன்சர்ல குழாய விட்டு, மெஷின்ல பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. என் வண்டி வாயிலேருந்து வர்றது சுத்தமா வருதும்மா."

"அப்ப என் தொண்டைக்குள்ள வர்றது என்ன சார்?"

"சைலன்சர் வாய் வரைக்கும் நம்ம பொறுப்பு. அதைத் தாண்டிட்டா அது காத்து. காத்து நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

இப்படி ஓர் எல்லைக்கோட்டை எந்தப் பேரரசனும் இவ்வளவு தெளிவாகப் போட்டதில்லை.

இருந்தாலும் அக்காவின் புகார் எங்கெங்கோ சுற்றி, காற்றை அளக்கிற அலுவலகம் வரை போய்விட்டது. அங்கிருந்து ஓர் இளம் பெண் பொறியாளர், தோளில் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வருவதாகத் தகவல் வந்தது. உடனே மேலாளர் விழித்துக்கொண்டார். நேரம் ஆகும்வரை காத்திருக்கும் வண்டிகள் எல்லாம் இனி நடைமேடையில் நிற்கக் கூடாது, பின்கட்டு மதிலுக்கு அந்தப்பக்கம் போய் நின்று உறும வேண்டும் என்று உத்தரவு போட்டார். நிலையம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. புகையே இல்லை. அக்காவுக்கும் முதல் நாள் சந்தோஷம்தான். தான் சொன்னதுக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்று நினைத்தார்.

பெட்டி கூண்டின் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. அதற்குள் வெள்ளை வடிதாள் ஒன்று இருந்தது. காற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் தூசியைத் தாளில் பிடித்துக்கொள்ளும். காலைத் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. மேலாளர் அதைக் கையில் வாங்கிப் பத்திரிகைக்காரரைத் தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார். மதியத் தாள் பழுப்பாக வந்தது.

"நிலையத்துல வண்டியே இல்லையே. அப்ப இது எங்க தூசி இல்ல" என்றார் மேலாளர், நிம்மதியாக.

"உங்களுதுதான் சார்" என்றார் அந்தப் பெண். "சைலன்சர்லேருந்து கரித்தூள் மட்டும் வரல. சரியா எரியாத டீசல் ஆவியா வருது, வேற வாயுவும் வருது. டெஸ்ட் மெஷின் வாயிலேயே நின்னு கரிய மட்டும் பார்க்குது; ஆவிய விட்டுடுது. வெளிய வந்து வெயில் பட்டதும் அந்த ஆவி காத்தோட சேர்ந்து வேற பொருளா மாறிடும். மாறினது ரொம்பப் பொடித் தூசியா ஆகும், இல்லேன்னா ஏற்கெனவே இருக்கற கரித்தூள் மேல போய்ப் படியும். காலையில மதிலுக்கு அந்தப்பக்கம் விட்டதுதான் மத்தியானம் இந்தப்பக்கம் இப்படி வந்திருக்கு."

மைக் அக்கா தன் துடைக்கும் துணியைப் பிரித்துப் பார்த்தார். பழுப்பு. வீட்டோட மாப்பிள்ளையின் பூர்வீகம் விளங்கிவிட்டது.

"ஏம்மா, பிறக்கும்போது நல்ல பிள்ளைன்னு பச்சை ஸ்டிக்கர் வாங்கிடுது. தெருவுல நாலு பேரோட சேர்ந்து ரவுடி ஆயிடுது. வளர்ந்த பிறகு யாரும் டெஸ்ட் எடுக்கறதில்ல. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க்கா."

"சார், பிள்ளை உங்களுதாம்" என்றார் அக்கா, மேலாளரைப் பார்த்து.

மேலாளர் பெட்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். மறுநாள் காலையில் பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடப்பட்டிருந்தது. நாலு மூலையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. விலையுயர்ந்த கருவி, திறந்து கிடந்தால் தூசி படிந்து கெட்டுவிடும் என்பது மேலாளரின் கவலை. தூசியை அளக்க வந்த பெட்டியைத் தூசியிலிருந்து காப்பாற்றிய பெருமை உலகத்தில் வேறு எந்த நிலையத்துக்கும் கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். அன்று மதியத் தாள் பால்போல் வெள்ளையாக வந்தது. பொறியாளர் உறையை அவிழ்த்து எறிந்துவிட்டு, மேலாளரோடு வாசலில் நின்று சத்தம் போட்டார். பலன் இருந்தது: வாரம் முடிவதற்குள் அவரை வேறு ஊர்க் காற்றை அளக்க அனுப்பிவிட்டார்கள். வெள்ளைத் தாள் மட்டும் மேலே போனது.

கூடவே மேலாளரின் கருணையும் விழித்தது. அக்காவின் தொண்டைக்கு ஓய்வு தேவை என்று அவரே கண்டுபிடித்தார். எல்லா அறிவிப்புகளையும் ஒரு தடவை பேசிப் பதிவு செய்துவிட்டால், பிறகு கணினி பார்த்துக்கொள்ளும். அக்கா பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறையில், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் நிம்மதியாக உட்காரலாம். அந்த அறை பின்கட்டு மதிலை ஒட்டி இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, அக்காவுக்குத் தெரியாத அறை அங்கே கிடையாது.

பதிவு மேலாளர் அறையில் நடந்தது. ஜன்னல்கள் மூடி, திரை இழுத்து, ஏசி முனகலையும் நிறுத்தி, அக்கா தாளைப் பார்த்துப் படித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." படித்துவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். குரல் கிழியவில்லை. துறைமுகம் முழுசாக வந்தது. இரண்டு மணி நேரம் நல்ல காற்றில் உட்கார்ந்ததற்கே, பழைய தேன் கொஞ்சம் ஊறியிருந்தது.

"பார்த்தியாம்மா. உன் குரலுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார் மேலாளர்.

"ஆமா சார். இந்த ரூம்ல உட்கார்ந்தா தகர டப்பாவும் பாடும்" என்றார் அக்கா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக் அக்கா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது மாமாவுக்குத் தெரியும். மேலாளருக்குத் தெரியாது.

பதிவை ஓடவிட்டுப் பார்க்கும் நாள் வந்தது. மதிய வெயில். பின்கட்டிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து பின்பக்கமாக நடைமேடையில் ஒதுங்கின. அக்கா கடைசியாக ஒரு முறை கண்ணாடியில் வட்டம் துடைத்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் தன் அறையின் ஜன்னலை, முதல் தடவையாக, ஒரு சாண் திறந்து வைத்துக் காதைக் கொடுத்தார். கணினி பேசியது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." நிலையம் தலை நிமிர்ந்தது. பழம் விற்கிறவர், "அக்காவுக்குத் தொண்டை சரியாயிடுச்சு போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கூண்டில் அக்கா இருமிக்கொண்டிருந்தார். இருமல் ஓய்ந்ததும் கணினியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"ஓட்டுநர்களின் கனிவான கவனத்திற்கு." குரல் நடுவில் கிழிந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. "இப்ப நீங்க கேட்டது ஏசி ரூம்ல இருந்த நானு. இப்பக் கேக்கறது இங்க இருக்கற நானு. ரெண்டும் ஒரே தொண்டைதான். அது நல்லா இருந்துச்சுன்னு யாரும் சந்தோஷப்பட வேணாம். எல்லாரும் வண்டிய அணைங்க."

அவருடைய இரண்டு தமிழும் ஒரே மூச்சில் ஒலிபெருக்கியில் வந்தது அன்றுதான். பொத்தான் மேல் பழி போட முடியாது.

யாரும் அணைக்கவில்லை. மூன்றாம் நடைமேடை மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்த்தது. இரண்டாம் நடைமேடை காது குடைந்தது.

"ஐந்தாம் நடைமேடை" என்றார் அக்கா. கொஞ்சம் நிறுத்தினார். "ஏங்க. உங்களைத்தான்."

மாமா மேலாளரின் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார். மெமோவையும் மனத்துக்குள் ஒரு தடவை படித்திருக்க வேண்டும். பிறகு சாவியைத் திருகினார். துறைமுக வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஓய்ந்தது. "மாமாவே அணைச்சிட்டாருப்பா" என்று முனகிக்கொண்டு மூன்றாம் நடைமேடையும் அணைத்தது. பிறகு இன்னொன்று, ஒரு தயக்கத்துக்குப் பிறகு மற்றவையும்.

மேலாளர் ஜன்னலை அகலத் திறந்துகொண்டு கத்தினார். "துறைமுகம் டைம் ஆச்சு, எடுய்யா வண்டிய."

மாமா சாவியைத் திருகினார். உள்ளே ஏதோ ஒன்று தொண்டையைக் கனைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடியும் திருகினார். கனைப்புகூட இல்லை. மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "சார், செல்ஃப் எடுக்கல. பேட்டரி இல்ல."

"தள்ளச் சொல்லுய்யா."

"யாரைச் சார்?"

பயணிகள் தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பருத்த மனிதர், "போன தடவை நான் தள்ளினேன். சட்டை இன்னும் வெளுக்கல" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

இரும்புப் படிக்கட்டு தடதடத்தது. மைக் அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். நேரே ஐந்தாம் நடைமேடைக்குப் போய், வண்டியின் பின்பக்கத்துக்கு எதிரே நின்றார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே பின்பக்கம். சைலன்சருக்கு மேலே தகரம் முழுவதும் கறுப்பும் பழுப்புமாக அடை அடையாக அப்பியிருந்தது. தோளிலிருந்த துணியை எடுத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் துடைத்தார். பக்கத்தில் இன்னொரு வட்டம். தள்ளுவதுபோல் இரண்டு கைகளையும் வைத்து அளவு பார்த்தார்.

பிறகு ஓர் அடி தள்ளி நின்று, அதே உயரத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள் பளிச்சென்று துடைத்துவிட்டு, துணியை உதறி, மேலாளரின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.